யூரினே ஒளிருமே, அதுல மருந்த எப்படி கண்டுபிடிக்கறாங்க?

கேள்வி: ஆன்டிபயாடிக் எவ்வளவு யூரின்ல வெளியேறுதுன்னு வெளிச்சத்த வச்சே அளக்கலாமாமே. வைட்டமின் மாத்திரை போட்டா யூரினே புற ஊதா லைட்ல மஞ்சளா ஒளிருது, அதுல மருந்தோட வெளிச்சம் எதுன்னு எப்படி தெரியும்?

பதில்: இந்த வேலைல பெரிய தலைவலியே நீங்க கேட்டதுதான். சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் புற ஊதா பட்டா தானாவே நீலமா ஒளிரும், ஆனா யூரின்ல இருக்கற பி2 வைட்டமின், மத்த நிறமிகள் எல்லாம் கூடவே ஒளிர்றதால ரெண்டும் கலந்துபோய் கணக்கு தப்பிடும்.

இங்கதான் டெர்பியம்னு ஒரு உலோகத்தோட உப்ப சேக்கறாங்க. டெர்பியம் தனியா இருந்தா ஒளிய சரியாவே வாங்காது, மருந்து மூலக்கூறு அத பிடிச்சுக்கிட்டா, தான் வாங்கின ஒளியோட சக்திய அப்படியே டெர்பியத்துக்கு கைமாத்தி விட்டுடும், உடனே டெர்பியம் 545 நானோமீட்டர்ல பச்சையா ஒளிரும். (டெட்ராசைக்ளின்ங்கற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்குன்னா யூரோப்பியம்னு வேற உலோகம், அது சிவப்பா ஒளிரும்.)

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது காத்திருக்கற விஷயம்தான். யூரினோட சொந்த வெளிச்சம் சில நானோசெகண்ட்லயே அணைஞ்சு போயிடும், டெர்பியம் பச்சை அரை மில்லிசெகண்டுக்கு மேலயும் நிக்கும், ஒரு மில்லிசெகண்ட்னா 10 லட்சம் நானோசெகண்ட், வித்தியாசத்த யோசிச்சு பாருங்க! கருவி ஒரு ஃப்ளாஷ் அடிச்சுட்டு 50, 100 மைக்ரோசெகண்ட் சும்மா இருக்கும், அப்புறம்தான் பாக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள மத்ததெல்லாம் இருட்டாயிடும், மிச்சம் இருக்கறது பச்சை மட்டும்தான்.

சிக்கலே இல்லன்னு சொல்ல மாட்டேன். தண்ணி மூலக்கூறு டெர்பியத்த ஒட்டிக்கிட்டு சக்திய உறிஞ்சிடும், அதுக்குத்தான் சோப்பு மாதிரி வேதிப்பொருள் சேத்து தண்ணிய விலக்கி வைக்கறாங்க. யூரின்ல இருக்கற பாஸ்பேட்டும் டெர்பியத்துக்கு போட்டி போடும். அதனால அதே யூரின்லயே அளவு தெரிஞ்ச மருந்த கொஞ்சம் கொஞ்சமா சேத்து, வெளிச்சம் எவ்வளவு ஏறுதுன்னு பாத்து கணக்கு போடுவாங்க, சுத்தமான தண்ணில மருந்த கலக்கி அளந்து வரைஞ்ச அளவுக்கோட்ட நம்பினா தப்பு வரும்.

நல்லவேளையா யூரின்ல மருந்து தாராளமா இருக்கும். வாய்வழியா சாப்பிட்ட சிப்ரோல 40லருந்து 50 சதவீதம் மாறாம யூரின்லயே வந்துடும். 250 மில்லிகிராம் மாத்திரை போட்ட முதல் 2 மணி நேரத்துல ஒரு மில்லி யூரின்ல 200 மைக்ரோகிராமுக்கு மேல கூட இருக்கும், ரத்தத்துல உச்சமே மில்லிக்கு 1.2 மைக்ரோகிராம்தான். அதனால யூரின நூறு மடங்கு தண்ணில கலக்கினாலும் மருந்து நல்லா தெரியும், தொல்லை குடுக்கற உப்பும் நிறமியும் அதே அளவுக்கு குறைஞ்சுடும்.