தனியாகப் பயிற்சி எதுவும் எடுக்காமல் அரை மாரத்தான் ஓடி முடித்தேன். ஆனால் முழு மகிழ்ச்சி வரவில்லை, ஏதோ உறுத்துகிறது. இது இயல்பா?

இயல்புதான். எனக்கும் உறுத்தியது, இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. பதக்கத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயிற்சி இல்லாமல் ஓடலாம் என்று நான் யாருக்கும் சொல்ல வரவில்லை. நானும் சும்மா உட்கார்ந்திருந்தவன் இல்லை. நான்கு வருடமாக வேலைக்குப் போக, வர சைக்கிள்தான். நீங்களும் உடம்புக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள், இல்லாவிட்டால் 21.1 கிலோமீட்டரை முடித்திருக்க முடியாது. அப்படியென்றால் அதுவும் பயிற்சிதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மூச்சுக்கு அது பயிற்சி. காலுக்கு இல்லை.

என் கதை இது. அக்காவும் நானும் ஒரே நாளில் பெயர் கொடுத்தோம். அவள் 12 வாரம் ஓடினாள். வாரத்தில் நான்கு நாள், விடுமுறை நாளில் நீண்ட ஓட்டம், 8 கிலோமீட்டரில் தொடங்கி 18 வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். வேலை, குழந்தை, எல்லாவற்றுக்கும் நடுவில். நான் ஒரு நாள்கூட ஓடவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போய் போட்டி நாளும் வந்துவிட்டது.

தொடக்கக் கோட்டில் அத்தனை பேர் நடுவில் நின்றபோது எனக்குக் கால் நிற்கவில்லை. முதல் 8 கிலோமீட்டரை 49 நிமிடத்தில் ஓடினேன். மூச்சு வாங்கவே இல்லை. இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. 14 தாண்டியதும் முன்தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மூச்சு சீராக இருக்கிறது, கால் மட்டும் எழும்ப மறுக்கிறது. சைக்கிளில் பாதம் தரையில் மோதுவதே இல்லை. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் உடம்பு எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காலில் இறங்குகிறது, அதை முன்தொடை நீண்டுகொண்டே தாங்க வேண்டும். அந்த வேலையை என் கால்கள் அதுவரை செய்ததே இல்லை. கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஓடியதைவிட நடந்ததுதான் அதிகம்.

17ஆவது கிலோமீட்டரில் தண்ணீர் மேசை காலி. கீழே நசுங்கிய கோப்பைகள் மட்டும் கிடந்தன. இதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றரை மணி நேரம் அவகாசம் என்று அறிவித்தவர்கள், அந்த அவகாசத்தில் பாதிக்குச் சற்று மேல் போனதுமே தண்ணீரை முடித்துக்கொண்டால் என்ன அர்த்தம்? முன்னால் ஓடுகிறவர் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார். பின்னால் வருகிறவர்தான் அதிக நேரம் வெயிலில் இருக்கிறார், அதே கட்டணம்தான் கட்டியிருக்கிறார். எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அக்கா மட்டும் தவிக்கவில்லை. இடுப்பில் பாட்டில் கட்டிக்கொண்டே பழகியிருந்தாள்.

நான் 2 மணி 34 நிமிடம். அவள் 2 மணி 41. என்னைவிட ஏழு நிமிடம் பின்னால்.

அன்று மாலை வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். "ஒரு நாள்கூட ஓடிப் பார்க்கல, நேரா போய் முடிச்சுட்டேன்" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஒரு வாக்கியத்தால் அவளுடைய 12 வாரத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன். எனக்கு உறுத்துவது இதுதான். ஓடியதில் எனக்கு வெட்கம் இல்லை. கால் மறுத்த பிறகும் ஏழு கிலோமீட்டர் போனேன், அது என்னுடையது. பயிற்சி இல்லாததைப் பெருமையாகச் சொன்னதுதான் தப்பு. உங்கள் உறுத்தலும் ஓட்டத்தில் இருக்கிறதா, அதைச் சொன்ன விதத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள்தான் வலி உச்சம், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். அது நான்கு நாளில் போய்விட்டது. வலது முழங்காலின் வெளிப்பக்க வலி மட்டும் ஆறு வாரம் இருந்தது. இதயமும் தசையும் சில வாரங்களிலேயே பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அக்கா நான்காம் நாளே மெதுவாக ஓடிவிட்டு வந்தாள். அந்த ஏழு நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை யாருக்கும் தெரியாது, நானும் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மூட்டில் ஒரே இடத்தில் வலி போகாமல் இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கறுத்துப் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அக்காவிடம் அந்த மாலையைப் பற்றி இன்னும் பேசவில்லை, எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. போன வாரம், உன் நீண்ட ஓட்டத்துக்கு நானும் வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நான் மெதுவாத்தான் ஓடுவேன். முந்திட்டுப் போகாதே" என்றாள்.