வேலூரில் ஒரு மந்திரவாதி: சக்திக்கு முன்னால் தொழிலை எழுதுங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து “மேஜ்: தி அசென்ஷன்” என்ற, ஆளுக்கொரு கேரக்டராகி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்தும் விளையாட்டை விளையாடப் போகிறோம். கதை இன்றைய வேலூரில் நடக்கிறது. என் கேரக்டர் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் மந்திரவாதி. நெருப்பை ஏவுவான், மனசைப் படிப்பான், நேரத்தை நிறுத்துவான். கேரக்டர் ஷீட்டைப் பார்த்த, கதையை நடத்தும் ஸ்டோரிடெல்லர், “சக்தி இருக்கு, ஆளைக் காணோமே” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?’

உங்கள் ஸ்டோரிடெல்லர் சொல்வது சரி. 1993-ல் வந்த இந்த விளையாட்டில் மந்திரம் என்பது வாங்கிக்கொள்கிற ஆயுதம் அல்ல. உலகம் எப்படி இயங்குகிறது என்று உங்கள் ஆள் நம்புகிறாரோ, அந்த நம்பிக்கையிலிருந்து பிறப்பது அது. ஆகவே முதலில் அவர் என்ன வேலை செய்கிறார், அந்த வேலை அவருக்கு உலகத்தைப் பற்றி என்ன கற்றுக்கொடுத்தது என்று எழுதுங்கள். ஐ.டி. வேலை தப்பில்லை. ஆனால் எந்த ஊருக்கும் பொருந்துகிற ஐ.டி. வேலை உங்களுக்கு எதையும் தராது. நம் வட ஆற்காட்டில் அதைவிடக் கைக்கு நெருக்கமான தொழில்கள் இருக்கின்றன.

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெயர் மல்லிகா என்று இருக்கட்டும். குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட தோல் டிரம்மிலிருந்து வெளிறிய நீல நிறத்தில் வரும். வெட் ப்ளூ என்பார்கள். கனமான இடத்தில் ஒரு கீறல் போட்டு, நீலம் நடுவரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். சுருங்காவிட்டால் பதம் சரி. தினமும் இதைச் செய்கிறவளுக்கு ஒரு நம்பிக்கை தானாக வந்துவிடும்: எந்தப் பொருளும் இன்னொன்றாக மாறும், சரியான சரக்கும் ஊறுகிற நேரமும் கிடைத்தால் போதும். அவளுடைய மந்திரக் கோட்பாடு இதுதான். கத்தி, கொதிக்கும் பாத்திரம், தாத்தா காலத்து ஆவாரம்பட்டைத் தூள் ஆகியவை கருவிகள். எலுமிச்சம்பழமும் மண்டையோடும் தேவையே இல்லை.

இப்போது எண்கள். ஒன்பது ஸ்பியர்களில், அதாவது மந்திரத் துறைகளில், பங்கிட உங்களுக்கு 6 புள்ளிகள் உண்டு; அதில் ஒன்றாவது நீங்கள் சேரும் மரபுக்கு (மந்திரவாதிகளின் குழுவுக்கு) உரிய ஸ்பியரில் இருக்க வேண்டும். மல்லிகாவுக்கு பொருளை மாற்றும் மேட்டர் ஸ்பியரைத் தனதாகக் கொண்ட சன்ஸ் ஆஃப் ஈதர் மரபு பொருந்தும். மேட்டர் 3, லைஃப் (உயிர்) 2, என்ட்ரோபி (சிதைவு, தற்செயல்) 1 என்று வைப்பேன். எந்த ஸ்பியரும், மந்திர ஞானத்தின் அளவான உங்கள் அரெட்டேயைத் தாண்டக் கூடாது. அரெட்டே 1-ல் தொடங்கும், ஆரம்பத்தில் 3 வரைதான் ஏற்றலாம். கையில் இருக்கும், விரும்பியதில் செலவழிக்கக் கூடிய 15 ஃப்ரீபி புள்ளிகளில் அரெட்டேக்கு ஒவ்வொரு படிக்கும் 4 வீதம் 8 போய்விடும். மிச்சம் 7. ஒரு ஸ்பியர் புள்ளியின் விலையும் 7 என்பதால் கை அரிக்கும். வாங்காதீர்கள். மன உறுதிக்கும் பின்புலத்துக்கும் புள்ளி ஒன்றுக்கு 1தான். வழிகாட்டி, நண்பர்கள், ஒரு சொந்த வீடு என்று போட்டால் கதைக்குள் மனிதர்கள் வருவார்கள். பண்புகளின் மூன்று பிரிவுகளுக்கான 7, 5, 3 புள்ளிகள் பற்றியும், திறமைகளின் மூன்று பிரிவுகளுக்கான 13, 9, 5 பற்றியும் அதிகம் யோசிக்க வேண்டாம். தொழிலை எழுதிவிட்டால் அவை தாமே இடம் பிடித்துக்கொள்ளும்.

லைஃப் 2 என்று சும்மா போடவில்லை. அந்த அளவில் தன் காயத்தை ஆற்றிக்கொள்ளலாம், இன்னொருவர் காயத்தை ஆற்ற 3 வேண்டும். அம்மா சி.எம்.சி. மருத்துவமனை வார்டில் படுத்திருக்கிறார், மகளின் கை வெட்டு மட்டும் ஒரே ராத்திரியில் ஆறிவிடுகிறது என்றால், அந்த ஒரு புள்ளிக் குறை உங்கள் கேரக்டரை முப்பது ஆட்டம் இழுத்துச் செல்லும். நேரத்தை நிறுத்துகிறவனுக்கு இப்படி ஒரு தவிப்பு எங்கிருந்து வரும்?

அவளுக்குள் முரண்பாடும் வேண்டும். பாலாற்றுப் படுகையைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. தனக்குச் சோறு போடுகிற தொழில்தான் ஊர்த் தண்ணீரைக் கெடுத்தது என்று அவளுக்குத் தெரியும். பொருளை மாற்றுகிற சக்தி கையில் இருந்தும் ஓர் ஆற்றை மாற்ற முடியவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, புதியவர்கள் தடுமாறுகிற இடம். பார்ப்பவர்கள் ‘நடக்கக் கூடியதுதான்’ என்று ஏற்றுக்கொள்கிற மந்திரம் சுலபம். கண்ணெதிரே உலகத்தை மறுக்கிற மந்திரம் கடினம், பாரடாக்ஸும் (உலகம் திருப்பி அடிக்கும் அடி) சேரும். தோல் தொழிற்சாலையின் உப்புக் கிடங்குப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் அரித்துப்போன பூட்டு இழுத்ததும் முறிந்தது என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேட்டர் 2 போதும், அதோடு 3 கூட்டினால் கடினம் 5, அதாவது டைஸில் 5-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும். பத்து முக டைஸில் ஆறு முகங்கள் உங்கள் பக்கம். அதே பூட்டு வாட்ச்மேன் கண் முன்னால் களிமண்ணாகிக் கையோடு வந்தால் 3-க்குப் பதில் 5 கூட்ட வேண்டும். கடினம் 7, நாலே முகங்கள்தான்.

ஊரின் நம்பிக்கையும் இதில் சேரும். பின்னால் லைஃப் 3 கிடைத்து, வார்டில் ஒருவர் எதிர்பாராமல் தேறிவிட்டால், ‘டாக்டருக்குக் கைராசி’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். அவளுக்கு நல்ல மறைவு. காந்தி ரோடு லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குகின்றன; அவர்கள் எதை நம்புவார்கள், எதைக் கண்டு மிரளுவார்கள் என்பது வேறு கணக்கு. கோட்டையை ஆற்றல் மையமாக வைக்க ஆசைப்படுவீர்கள், வையுங்கள். ஆனால் 1806 ஜூலை 10-ன் சிப்பாய்ப் புரட்சியை மட்டும் எல்லோரும் எடுப்பார்கள். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்து, 1981-ல் மறுபடி பூஜை தொடங்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலை யோசித்துப் பாருங்கள். விலகிப்போன நம்பிக்கை ஓர் இடத்துக்குத் திரும்பி வந்தால் அங்கே என்ன ஆகும்? இந்த விளையாட்டு கேட்பதே அதைத்தான். பக்தர்கள் வந்துபோகிற கோயில், மரியாதையோடு எழுதுங்கள்.

தோல் பிடிக்கவில்லை என்றால் காவலூர் வானாய்வகத்தில் இரவுப் பணி செய்கிறவரை எழுதலாம். 1986-லிருந்து இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. கண்ணில் படுகிற ஒளி எப்போதோ கிளம்பியது என்று தினமும் பார்க்கிறவருக்கு டைம் ஸ்பியர் தானாக வரும். நேரத்தோடு விளையாடும் ஆசை உங்களுக்கு இருப்பதால் இது ஒத்துவரலாம், நிறுத்துவதை மட்டும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஆட்டத்துக்கு முன் உங்கள் ஆள் அடிக்கடி செய்யப்போகிற மூன்று மந்திரங்களை எழுதி, எவை தற்செயல் போலத் தோன்றும், எவை தோன்றாது என்று ஸ்டோரிடெல்லரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் வருகிற வாக்குவாதம் பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கும்.