வாசகர் கேள்வி பதில்: பாடசாலைக் கணினி அறையில் எதைத் தடுக்கலாம்?

கேள்வி: நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். எங்கள் கணினி ஆய்வுகூடத்தில் மனித இனப்பெருக்கம் பற்றித் தேடினால் ‘அனுமதி இல்லை’ என்ற பக்கம்தான் வருகிறது. மிதிவெடி அகற்றல் பற்றிச் செயற்றிட்டம் செய்த தோழிக்கும் அதே கதிதான். கேட்டால் ‘எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான்’ என்கிறார்கள். இது நியாயமா?
– மாணவி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: பாடசாலை தனது இணைய இணைப்பை வடிகட்டுவதில் தவறில்லை. ஆனால் எதை, யாருக்கு, என்ன காரணத்துக்காகத் தடுக்கிறோம் என்று சொல்ல முடியாமல் தடுப்பது தவறு. உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கும் ஓர் அலகை உங்கள் பாடசாலைக் கணினியே மறைக்கிறது என்றால், அந்தத் தடையை வைத்தவர் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு வைக்கவில்லை என்பது தெளிவு.

இது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வடிகட்டி மென்பொருள்கள் இணையத்தளங்களை ‘பாலியல்’, ‘ஆயுதம்’, ‘வன்முறை’, ‘சூதாட்டம்’ என வகை பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிரிப்பை எங்கோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் செய்திருக்கும். இங்கே ஒருவர் சில பெட்டிகளில் சரி அடையாளம் போட்டிருப்பார், அவ்வளவுதான். ‘ஆயுதம்’ என்ற பெட்டியில் அடையாளம் விழுந்தால், மிதிவெடியை விற்பவனின் தளமும் அதை அகற்றுபவனின் தளமும் ஒன்றாகவே மறைந்துவிடக்கூடும். முகமாலையில் ஆண்டுக்கணக்காக நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறி மிதிவெடி எடுத்த ஒரு மாவட்டத்தில், மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் அமைப்பு என்ன செய்தது என்று படிக்க முடியவில்லை என்பது, கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாத நிலைமை.

சொற்களை வைத்துத் தடுக்கும் முறை இதைவிட மோசமானது. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்தவர்கள் ஏஓஎல் என்ற இணையச் சேவையில் கணக்குத் திறக்க முடியாமல் போனது. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட சொல்லின் எழுத்துகள் வரிசையாக இருந்ததே காரணம். மார்புப் புற்றுநோய் பற்றிய மருத்துவப் பக்கங்களும் இதே வழியில் அடிபட்டதுண்டு. இந்தச் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை என்பதால், தமிழில் எழுதிய ஆபாசம் தடையின்றி வர, ஆங்கிலத்தில் உள்ள நல்ல உயிரியல் பாடம் நின்றுபோவதும் நடக்கும்.

ஆபாசக் காட்சிகள், சூதாட்டம், கணினியைக் கெடுக்கும் தீநிரல் பரப்பும் தளங்கள் ஆகியவற்றை எல்லோருக்கும் தடுக்கலாம். ஆசிரியர் கணினியிலும் தடுக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு அப்பாற்பட்டவற்றைத் தரம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தரம் 6 பிள்ளைக்கும், அடுத்த ஆண்டு வாக்காளர் பட்டியலில் பெயர் வரப்போகும் உயர்தர மாணவிக்கும் ஒரே பூட்டு பொருந்தாது. நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: தடைப்பட்ட பக்கத்தின் முகவரி, திகதி, அது எந்த அலகுக்குத் தேவை என்பவற்றை ஒரு தாளில் எழுதி ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். குறிப்பிட்ட ஒரு தளத்தை அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது சில நிமிட வேலை.

கேள்வி: மாணவர்கள் இலவச விபிஎன் போட்டுத் தடையைத் தாண்டுகிறார்கள். யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவை வைத்திருந்து, ஒழுக்காற்று விசாரணைக்குப் பயன்படுத்தலாமா?
– ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: முதலில் விபிஎன் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இலவசச் செயலி ஒன்றைப் போட்டவுடன் அந்தக் கணினியின் போக்குவரத்து முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் சேவையகம் வழியாகப் போகிறது; அவர் அதை என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. இந்த ஆபத்தை வகுப்பில் விளக்குங்கள். அதோடு, அவர்கள் எதற்காகத் தாண்டினார்கள் என்றும் கேளுங்கள். யூடியூப் முழுவதையும் தடுத்துவிட்டு, கடந்தகால வினாத்தாளின் விளக்கக் காணொளிக்காக அதைத் தாண்டிய பிள்ளையைத் தண்டித்தால் அது உங்கள் அமைப்பின் குறையே. யூடியூபில் பிள்ளைகளுக்கு ஒவ்வாத காணொளிகளை மறைக்கும் ‘கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறை’ என்று ஒன்று இருக்கிறது. தேடுபொறியில் பாதுகாப்பான தேடலைக் கட்டாயமாக்கலாம். இரண்டையும் வலையமைப்பு மட்டத்திலேயே அமைக்கலாம்.

பதிவு வைப்பது வேறு விடயம். இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் மறைகுறியாக்கப்பட்டு வருவதால், சாதாரண வடிகட்டிக்குத் தளத்தின் பெயர் தெரியுமே தவிர, பக்கத்துக்குள் மாணவர் எதைப் படித்தார் என்பது தெரியாது. அந்த அரைகுறைத் தகவலை வைத்து ஒரு பிள்ளையை அதிபர் முன் நிறுத்துவது ஆபத்தானது. வீட்டில் அடிவாங்கும் பிள்ளை, மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை, தனக்கு நேர்ந்த தொந்தரவை யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளை, இவர்கள் உதவி தேடும் முதல் இடம் அந்தத் தேடல் பெட்டியாகவும் இருக்கலாம். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் தேட மாட்டார்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் குடும்ப விபரத்தைத் திரும்பத் திரும்பப் பதிந்து கொடுத்துக் களைத்த மக்கள் வாழும் வன்னியில், பாடசாலையும் ஒரு பதிவேட்டைத் திறக்கும்முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 16ஆம் உறுப்புரை சிறுவரின் அந்தரங்கத்தையும், 13ஆம் உறுப்புரை தகவலைத் தேடிப் பெறும் சுதந்திரத்தையும் பேசுகின்றன. தொழில்நுட்பக் கோளாறைக் கண்டறிவதற்காகப் பதிவு தேவையென்றால், அதைக் குறுகிய காலத்துக்கு மட்டும் வைத்திருந்து அழித்துவிடுங்கள். யார் பார்க்கலாம் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: பாடசாலையில் தடுத்து என்ன பயன்? வீட்டில் மகன் கைப்பேசியோடுதானே இருக்கிறான்?
– தாய், வவுனியா

பதில்: உண்மைதான், அம்மா. கைப்பேசியின் டேட்டா பாடசாலை வடிகட்டி வழியாகப் போவதில்லை. கொரோனாக் காலத்தில் பாடமே வாட்ஸ்அப்பில் வந்ததால், கைப்பேசி வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் நாம் இல்லை. சிறிய பிள்ளை என்றால் பெற்றோர் பிள்ளையின் கைப்பேசியைக் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபமிலி லிங்க் போன்ற ஏற்பாடு பயன்படும்; பதினாறு, பதினேழு வயதுக்கு அது சண்டையைத்தான் கொண்டுவரும். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் உங்களிடம் வந்து சொல்லும் துணிவு அவனுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏதும் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கேள்வி: சுதந்திர நாடு என்று சொல்லும் அமெரிக்காவில் பாடசாலைகளில் இந்தத் தடை இல்லையாமே?
– வாசகர், மன்னார்

பதில்: யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசின் கட்டணச் சலுகையில் இணைய இணைப்புப் பெறும் பாடசாலைகளும் நூலகங்களும் ஆபாசப் படங்களைத் தடுக்கும் ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். நூலகங்கள் தொடர்பில் அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது, சட்டம் கட்டாயப்படுத்துவது குறிப்பிட்ட வகைக் காட்சிகளைத் தடுப்பதை மட்டும்தான். அதற்கு மேல் தடுப்பவை பெரும்பாலும் அந்தந்தப் பாடசாலை நிர்வாகத்தின் விருப்பம். அந்த விருப்பத்துக்கும் எல்லை உண்டு. மிசூரி மாநிலத்தின் காம்டென்டன் பாடசாலை மாவட்டத்தில், தன்பாலீர்ப்புள்ள இளையோருக்கு ஆதரவான தளங்கள் ‘பாலியல்’ வகைக்குள் போய்த் தடைப்பட, அவர்களை எதிர்க்கும் தளங்கள் திறந்தே கிடந்தன. 2012இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வடிகட்டலை நிறுத்தச் சொன்னது.

கேள்வி: தடைப்பட்டியலை அதிபர் காட்ட மறுக்கிறார். 2022இல் அரசாங்கம் சமூக ஊடகத்தைத் தடுத்ததைப் போலத்தானே இதுவும்?
– உயர்தர மாணவன், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டும் ஒன்றல்ல. 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் தடுக்கப்பட்டது முழு நாட்டின் குரல். பாடசாலை தடுப்பது தன் இணைப்பில் தன் மாணவருக்கு மட்டும். ஆனால் காரணம் சொல்லாமல் தடுக்கும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

முதலில் விடயத்தை மாணவர் பாராளுமன்றத்தில் எடுத்து, பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அது பிரசைக்கு உரிமை தருகிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அலுவலருக்கு, ‘எமது பாடசாலையின் இணைய வடிகட்டலுக்கான எழுத்து மூல விதிகளும், தடுக்கப்பட்ட வகைகளின் பட்டியலும்’ என்று தெளிவாகக் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாள்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். தனித் தளங்களின் முழுப் பட்டியலையும் கேட்காதீர்கள்; அது பல்லாயிரக்கணக்கில் இருக்கும், மறுக்கவும் சாட்டாகிவிடும். பெற்றோர் ஒருவரும் சேர்ந்து கையொப்பமிட்டால் நல்லது. பெற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், அந்த 14 வேலை நாள்களும் அந்தத் திகதியிலிருந்துதான் கணக்கிடப்படும்.