கிடந்தவர்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தில் லை (lie), லே (lay) இரண்டும் எனக்கு எப்போதும் குழம்பும். 'ஃபைல் மேசையில் கிடக்கிறது' என்பதற்கு லையிங் என்று எழுதாமல் லேயிங் என்று எழுதிவிட்டேன். மேலாளர் எல்லோர் முன்னாலும் திருத்தினார். தமிழ் மீடியத்தில் படித்த வினை! இதற்கு எளிய வழி உண்டா? நல்ல செயலி இருந்தாலும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

செயலி வேண்டாம். மேலாளரையும் விடுங்கள், ஆங்கிலேயர்களே பல நூற்றாண்டுகளாக இவற்றை மாற்றி மாற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் 'தமிழ் மீடியத்தில் படித்த வினை' என்றீர்களே, அதை விட முடியாது. பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தீர்களா இல்லையா? திருந்தினான், திருத்தினான். உருண்டது, உருட்டினான். 2 மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோய், இப்போது பழியைத் தமிழ்மேல் போடுகிறீர்கள். லை என்றால் கிட. லே என்றால் கிடத்து. ஃபைல் தானாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நாம் 'திருந்து' என்பதில் மெல்லினத்தை வல்லினமாக்கித் 'திருத்து' என்கிறோம். ஆங்கிலத்தின் மூதாதை மொழி வினைக்குப் பின்னால் ஒரு விகுதி சேர்த்தது. அது முன்னிருந்த உயிரொலியை மாற்றிவிட்டுத் தேய்ந்துபோனது. சிட், செட் அப்படி வந்த ஜோடி: உட்கார், உட்காரவை. ஃபால், ஃபெல்லும் அப்படித்தான்: விழு, வீழ்த்து. சிக்கல் இறந்தகாலத்தில் இருக்கிறது. ஃபால் இறந்தகாலத்தில் ஃபெல் ஆகும்; மரத்தை வெட்டி வீழ்த்தவும் அதே ஃபெல். லை இறந்தகாலத்தில் லே ஆகிவிடும். 'கிடந்தார்' என்பதற்கும் 'கிடத்து' என்பதற்கும் அங்கே ஒரே சொல்.

தமிழில் அவை தனித்தனி. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் பத்து வயதில் தெரிந்தது. தாத்தா நாலு மாதம் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். யார் வந்து கேட்டாலும் பாட்டி, "கிடக்கிறார்" என்பாள். ஒருநாள் விடியற்காலை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, தாத்தாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் அப்பாவிடம் மெதுவாக, "கூடத்தில தெற்க தலைவச்சுக் கிடத்துங்கப்பா" என்றார். யாரும் 'இறந்துவிட்டார்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். வேட்டிக் கரையைக் கிழித்து இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினார்கள்.

பாட்டி மட்டும் அன்று மாலைவரை, வந்தவர்களிடமெல்லாம் "கிடக்கிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவரும் அவளைத் திருத்தவில்லை.