நல்ல செயலி வடிவமைப்புக்கு விதி ஏதாவது உண்டா?

பார்க்க அழகாக இருக்கிற ஆப் கூட பயன்படுத்தும்போது ஏன் எரிச்சலூட்டுகிறது, இதற்கெல்லாம் விதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அழகு அதில் கொஞ்சம் பின்னால்தான் வரும்.

முதலில் உடனடி பதில். பட்டனைத் தொட்டு சுமார் 0.1 விநாடிக்குள் ஏதாவது மாறினால்தான் 'நடந்துவிட்டது' என்று மனதுக்குப் படும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது, 10 விநாடி தாண்டினால் ஆள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பயன்பாட்டு எளிமை பற்றிய வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1993-லேயே எழுதிய கணக்கு இது. பணம் அனுப்பும் திரையில் 'அனுப்பு' அழுத்திய பிறகும் பட்டன் அப்படியே நின்றால், போனதா இல்லையா தெரியாமல் இன்னொரு தடவை அழுத்தத்தான் செய்வோம், சில சமயம் பணம் இரண்டு முறை போய்விடும். தப்பு அழுத்தியவர் மேல் இல்லை. தொட்டதும் பட்டன் மங்கி 'அனுப்புகிறது' என்று மாறியிருந்தால் இந்த வம்பே இல்லை.

அப்புறம், 'நிச்சயமாக நீக்கவா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் கை தானாக 'ஆம்' அழுத்தப் பழகிவிடும், கேள்வியை யாரும் படிப்பதில்லை. பேசாமல் நீக்கிவிட்டு, மனம் மாறினால் மீட்டெடுக்க வழி கொடுங்கள்.

தொட வேண்டிய இலக்கு சிறிதாக, தொலைவாக இருந்தால் தொட நேரமாகும் என்பது 1954-இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் சொன்னது. அதனால் அடிக்கடி தேவைப்படும் பட்டன் பெரிதாக, விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அனிமேஷன்? முதல் நாள் ரசிப்பார்கள், தினமும் வந்தால் சலிப்புதான். சிறிதாக, சீக்கிரம் முடிகிற மாதிரி வையுங்கள்.