74 வயதில் கீமோ தாங்குமா?
தங்கச்சிமடத்தில் இருக்கும் அப்பாவுக்கு 74 வயதாகிறது, கீமோ (புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சை) தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுப்ரியா மொஹிலே குழு இதைத்தான் ஆராய்ந்தது. முற்றிய புற்றுநோய் உள்ள, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 718 பேர். ஒரு பிரிவினரின் நடை, ஞாபகம், சாப்பாடு, மற்ற மாத்திரைகள், வீட்டுத் துணை எல்லாவற்றையும் பார்த்து டாக்டருக்குக் குறிப்பு கொடுத்தார்கள். அவர்களில் கடும் பக்கவிளைவு வந்தவர்கள் 51 சதவீதம். குறிப்பு போகாத பிரிவில் 71. கீழே விழுவதும் குறைந்தது. பலருக்கு முதல் சுற்று மருந்தளவைக் குறைத்தே தொடங்கினார்கள், அதனால் ஆயுள் குறையவில்லை. இந்த ஆய்வு 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

கடலில் வலை இழுத்த உடம்பு தாங்கும் என்று ஊரில் சொல்வார்கள்; அதை அப்படியே நம்பாதீர்கள். சிகிச்சைக்கு மதுரைக்கு பஸ்ஸில் போய்வர முடிகிறதா, கூட யார் வருவார், என்னென்ன மாத்திரை, சமீபத்தில் விழுந்தாரா என்பதை எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.