கறி சுமக்க எந்த முதுகுப்பை? கேள்விகளும் பதில்களும்

வேட்டைக்குப் பை வாங்கப் போகிறவர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். உரிமம் எடுத்து, வண்டி போகாத மலையிலும் காட்டிலும் நடந்து வேட்டையாடுகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணா, 65 லிட்டர் போதுமா, 90 லிட்டரே வாங்கிவிடலாமா?

லிட்டரை அப்புறம் பார்க்கலாம். எலும்பெடுத்த கறி லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதாவது 40 லிட்டர் இடம் நிறைந்தாலே 40 கிலோ. 90 லிட்டர் பையைக் கறியால் நிரப்பினால் உங்களால் எழுந்து நிற்கவே முடியாது. அதனால் கறிக்காகப் பெரிய பை வாங்க வேண்டியதில்லை. கூடாரம், தூங்கும் பை, குளிருக்கான உடை இவைதான் இடத்தை அடைக்கும். காலையில் போய் மாலையில் திரும்புவதானால் 30 முதல் 40 லிட்டர் போதும். காட்டில் நாலைந்து நாள் தங்குவதானால் 65 முதல் 80 வரை வைத்துக்கொள்ளுங்கள். எந்த அளவு வாங்கினாலும், அதன் ஃப்ரேமும் (பையை முதுகோடு நிமிர்த்திப் பிடிக்கும் சட்டம்) இடுப்புப்பட்டையும் 40 கிலோவைத் தாங்குமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

என்னிடம் நல்ல ட்ரெக்கிங் பை இருக்கிறது. அதுவே போதாதா?

போகும்போது போதும், திரும்பும்போதுதான் சிக்கல். ட்ரெக்கிங் பைகள் பெரும்பாலும் 15, 20 கிலோவை மனத்தில் வைத்துத் தைக்கப்படுபவை. அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி வளைந்துகொடுக்கும். பை உட்கார்ந்துவிடும், இடுப்புக்குப் போக வேண்டிய பாரம் முழுக்கத் தோளில் விழும்.

இன்னொரு பெரிய வித்தியாசம் கறித்தட்டு. நல்ல வேட்டைப் பைகளில் பக்கவாட்டு வார்களைத் தளர்த்தினால் பை ஃப்ரேமிலிருந்து விலகி வரும், நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும். கறி மூட்டையை அங்கே வைத்து, கீழே இருக்கும் துணித்தட்டில் உட்காரவைத்து, பையை மறுபடி அதன்மேல் சாத்தி வார்களை இறுக்க வேண்டும். பாரம் முதுகோடு ஒட்டி நிற்கும்; ரத்தம் உங்கள் தூங்கும் பையில் படாது. மூட்டையின் கனமான பகுதி தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வரட்டும். கீழே தொங்கினால் ஒவ்வோர் அடிக்கும் உங்களைப் பின்னால் இழுக்கும். தட்டில் வைப்பதற்கு முன் மூட்டையின் வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை மேல் வாரில் மாட்டிவிடுங்கள். ஈரக் கறி வழுக்கும், நடக்க நடக்கக் கீழே இறங்கும்.

அமெரிக்கப் பை தயாரிப்பாளர் டிக் கெல்ட்டி 1952-ல் அலுமினிய வெளிச்சட்டப் பைகளை, அதாவது ஃப்ரேம் பைக்கு வெளியே இருக்கும் பைகளை, விற்கத் தொடங்கினார். இன்னொரு அமெரிக்கரான கிரெக் லோவ் 1967-ல் சட்டத்தைப் பைக்குள் கொண்டுவந்தார். வெளிச்சட்டத்தின் உறுதியும் உள்சட்டத்தின் ஒட்டுதலும் சேர்ந்ததுதான் இன்றைய வேட்டைப் பை.

என் உயரம் ஐந்தரை அடி. எந்த சைஸ் எடுக்கலாம்? வாடகைக்கு எடுத்த பையில் பட்டை வழுக்கி வழுக்கி இறங்கியது. (ஒரு சகோதரி)

உயரத்தை விடுங்கள், முதுகு நீளத்தை அளக்க வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து, இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பை இணைக்கும் கோடு வரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் அளவு.

பட்டை வழுக்குவதற்கு முக்கியக் காரணம், அது உங்கள் இடுப்பின் வளைவுக்குப் பொருந்தவில்லை என்பதே. பெண்களுக்கென்று சாய்வாக வெட்டிய பட்டை பல நிறுவனங்களில் தனியாகவே கிடைக்கிறது. மாட்டும் வரிசையும் முக்கியம்: எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரும்படி முதலில் அதை இறுக்குங்கள். அடுத்து தோள்வார், கடைசியாகத் தோளுக்கு மேலே இருக்கும் சிறிய வார்கள். அந்தச் சிறிய வார்கள் தோளிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாக ஃப்ரேமுக்குப் போக வேண்டும். படுக்கையாகவோ கீழ்நோக்கியோ போனால் ஃப்ரேம் உங்களுக்குக் குட்டை, அதை வாங்காதீர்கள்.

எல்க் மான் வேட்டைக்குத் தனியாகப் போகிறேன். வண்டியிலிருந்து 5 கிலோமீட்டர். எத்தனை நடை ஆகும்?

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பெடுத்த கறியே சுமார் 90, 100 கிலோ வரும். நடைக்கு 30 கிலோ என்றால் மூன்று நான்கு நடை, கொம்பு தனி. ஒரு நடையை மிச்சப்படுத்த 50 கிலோ தூக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இறக்கத்தில்தான் முழங்கால் போகும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம். பாரத்தைத் தரையிலிருந்து தூக்கி மாட்டாமல், உட்கார்ந்து மாட்டிக்கொண்டு, முன்னால் குப்புறச் சாய்ந்து கால் ஊன்றி எழுந்திருங்கள்.

ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சுடுவதா என்பதையே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சுட்ட விலங்கின் கறி வீணாகக் கூடாது. மிச்சக் கறியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, நிழலில், காற்றுப்படத் தொங்கவிடுங்கள். கரடி நடமாடும் பகுதியானால், திரும்பி வரும்போது தூரத்திலிருந்தே பார்க்கும்படியான இடமாக இருக்கட்டும், சத்தம் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

கறியை பிளாஸ்டிக் பையில் கட்டலாமா?

சூடு ஆறாத கறியை வேண்டாம். சூடும் ஈரமும் உள்ளேயே அடைபட்டு கெட்டுவிடும். காற்றுப் போகிற துணிப்பைதான் சரி.

உருமறைப்பு நிறம் அவசியமா?

நிறத்தைவிடச் சத்தம் முக்கியம். துணியை நகத்தால் கீறிப் பாருங்கள்; சரசரவென்றால் மானுக்குக் கேட்கும். 500 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) கார்டுரா என்ற உறுதியான நைலான் துணி உழைக்கவும் செய்யும், ஓரளவு அமைதியாகவும் இருக்கும். திரும்பும்போது பையிலும் கொம்பிலும் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள். புதருக்கு மேலே அசையும் கொம்பை மட்டும் பார்க்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கு நீங்கள் மனிதர் என்று தெரிய வேண்டும்.

பையில் ரத்தக்கறை படிந்துவிட்டது, வெந்நீரில் ஊறவைக்கலாமா?

வெந்நீர் வேண்டாம், ரத்தத்தில் இருக்கும் புரதம் உறைந்து துணியில் பிடித்துக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். அப்புறம் என்சைம் கலந்த சோப்பில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். ஃப்ரேமைக் கழற்றிவிட்டு, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். பட்டையின் பஞ்சு உலர மட்டும் கூடுதலாக ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.